ஃபியோர்டு கரையில் செய்த நாற்காலி, சத்துவாச்சாரி வெயிலில்

நாற்காலியின் பெயர் ஸ்ட்ரெஸ்லெஸ். செய்தவர்கள் நார்வேயின் மேற்குக் கடற்கரைப் பக்கம், சிக்கில்வென் என்ற சின்ன ஊரில் இருக்கும் எக்கோர்னெஸ் கம்பெனி. எங்கள் வீட்டில் இருப்பது எம் அளவு, கறுப்புத் தோல், சுழலும் மர அடி, கால் வைக்கத் தனியாக ஒரு ஸ்டூல். அக்கா ஓலசுண்ட் நகரத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்று, மாமாவோடு வேலூருக்கே திரும்பி வந்தபோது வீட்டுச் சாமான்களோடு கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தார். இப்போது சத்துவாச்சாரி வீட்டு ஹாலில் கிடக்கிறது. பகலில் அம்மா உட்காருவார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் யார் முந்துகிறார்களோ அவர்களுக்கு.

நான் ராணிப்பேட்டையில் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் டேனரியில், முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவன். பெரும்பாலும் பினிஷிங் செக்‌ஷன். தோல் போர்த்திய எந்தப் பொருளைப் பார்த்தாலும் கை தானாக அதன்மேல் போகும். அக்கா அங்கே இருந்தபோது போய், இந்த நாற்காலி செய்யும் ஊரையும் பார்த்துவிட்டு வந்தேன். அதனால் நாற்காலியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஊரும் சேர்ந்தே வருகிறது. ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல முடியாது.

தோலில் இருந்து தொடங்குகிறேன். இவர்கள் தோலைப் பல தரமாகப் பிரித்து, ஒவ்வொரு தரத்துக்கும் ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள். எங்களுடையது பாட்டிக். அதற்கு மேலே பலோமா, நோப்ளெஸ் என்று போகும், விலையும் கூடவே ஏறும். பாட்டிக் என்பதை நம் டேனரிப் பேச்சில் சொன்னால் கரெக்டட் கிரெய்ன். கிரெய்ன் என்பது தோலின் மேல்முகம், அதில் தெரியும் ரேகை. மாட்டுத்தோலின் மேல்முகத்தில் இருக்கும் சின்னச் சின்னக் குறைகளைத் தேய்த்துச் சரிசெய்து, சாயம் ஏற்றி, பிக்மெண்ட் கோட் என்ற நிறப் பூச்சு அடித்து, கடைசியில் ஒரே சீரான கிரெய்னை அழுத்தி எடுத்தது. மேல் தரங்களில் மேல்முகத்தை அவ்வளவாகத் தொட மாட்டார்கள். கோட்டிங்கும் மெல்லிசாக இருக்கும். விரலை வைத்தால் சூடு உடனே தோலுக்குள் இறங்குகிற மாதிரி ஒரு மிருது இருக்கும். கடையில் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் யாருக்கும் மனசு மேல் தரத்துக்குத்தான் போகும். ஆனால் நம் ஊருக்கு பாட்டிக்தான் சரி. அதற்குக் காரணம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

ஒரு தோலைப் பார்த்தவுடன் தரம் பிரிக்கும் அசார்ட்டிங் ஆட்கள் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். கைப்பிடி ஓரத்தில் இரண்டு விரலால் உள்பக்கமாக மடக்கிப் பார்த்தேன். மேல்முகம் பிரிந்து குழாய் குழாயாகத் தூக்கினால் அது லூஸ் கிரெய்ன். மாட்டின் வயிற்றுப் பக்கத்தில் வெட்டிய தோலில் இது அதிகம் வரும். இதில் மெல்லிய ரேகைதான் விழுந்தது, விட்டதும் மறைந்தது. உட்காரும் பாகம், முதுகு சாய்கிற பாகம் இரண்டிலும் இறுக்கமான முதுகுத் தோல்தான் போட்டிருக்கிறார்கள். அக்கா பல வருஷம் உட்கார்ந்து, கடல் தாண்டி, திரும்பவும் எங்கள் குடும்பம் முழுவதும் உட்கார்ந்த பிறகும் சீட்டில் பள்ளம் விழவில்லை. சுருக்கம் இருக்கிறது, இருக்கத்தான் செய்யும். தோல் சுருங்கும், ஆனால் தொங்கக் கூடாது.

அப்புறம் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து, சீட்டின் கீழ் ஓரத்தில் அழுத்தித் தேய்த்தேன். கறுப்பு ஏறவில்லை. வெட் ரப் டெஸ்ட் என்று லேபில் எந்திரம் வைத்துச் செய்வதை வீட்டில் இப்படிச் செய்யலாம். கறுப்பு, மெரூன் தோல் வாங்குகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பு இதைச் செய்து பார்க்க வேண்டும். வேட்டி கட்டுகிற வீடு என்றால் கட்டாயம்.

தையல் நூல் தடிமன், ஒரு அங்குலத்தில் இத்தனை என்று ஓடும் சீரான தையல், மூலையில் தோலைச் செதுக்கி மெல்லிசாக்கி மடித்த விதம் எல்லாம் பார்த்தேன். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கிற பெண்கள் இதைப் பார்த்தால் தலையாட்டுவார்கள். அவர்கள் கைக்கு இது பழக்கப்பட்ட வேலை. இதைப் பற்றிப் பின்னால் இன்னும் சொல்ல வேண்டும்.

உட்காரும் சுகம் எப்படி என்று கேட்டால், முதல் இரண்டு நிமிஷத்தில் ஒன்றும் தெரியாது. நம் ஊர் ஷோரூம் சோபா மாதிரி உட்கார்ந்ததும் அமுங்கி உள்ளே இழுக்காது. கொஞ்சம் கெட்டியாகவே இருக்கும். உள்ளே இரும்புச் சட்டம், அதில் வளைந்து வளைந்து ஓடும் ஸ்பிரிங், அதைச் சுற்றி அச்சில் வார்த்த ஃபோம். இழுக்க லீவர் கிடையாது, அமுக்க பட்டன் கிடையாது, மோட்டாரும் கிடையாது. முதுகைத் தள்ளினால் நாற்காலி சாய்கிறது, நிறுத்தினால் நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு திருகு இருக்கிறது. நம் எடைக்குத் தகுந்தபடி அவற்றை ஒருமுறை வைத்துவிட்டால் போதும். கரண்ட் போனாலும் கவலை இல்லை.

இதில் கெட்டிக்காரத்தனம் தலைப்பக்கத்தில் இருக்கிறது. முதுகு சாயச் சாய, தலையணைப் பாகம் கூடவே பின்னால் போகாமல் கழுத்தை முன்பக்கமாகத் தாங்கிக்கொள்கிறது. இடுப்புக்குப் பின்னால் இருக்கும் தாங்கலும் அதோடு சேர்ந்து நகர்கிறது. படுத்த மாதிரி இருந்துகொண்டே பேப்பர் படிக்கலாம். அம்மா முதல் நாளே சொன்னார், "சாஞ்சாலும் டிவி தெரியுதுடா." இந்த நாற்காலிக்கு இதைவிடச் சரியான மதிப்புரை எனக்கு எழுதத் தெரியாது. தூங்க வேண்டும் என்றால் தலைப்பக்கத்தைக் கையால் பின்னுக்குத் தள்ளிக்கொள்ளலாம்.

ஆனால் அளவை யோசித்து வாங்க வேண்டும். எஸ், எம், எல் என்று மூன்று அளவில் வருகிறது. அக்காவுக்கு எம் பொருந்துகிறது. அம்மா குள்ளம், அவருக்கு எஸ்தான் சரியாக இருந்திருக்கும். எம் அளவில் உட்கார்ந்தால் அம்மாவின் குதிகால் தரையில் முழுசாகப் படிவதில்லை. ஒரு மணையைக் கீழே போட்டிருக்கிறோம். இன்னொன்று, அடி சுழல்வதால் வயதானவர்கள் எழும்போது நாற்காலி பக்கவாட்டில் திரும்பும். முட்டி பலமில்லாதவர்கள் கைப்பிடியை நம்பி முழு எடையையும் போட்டு எழக்கூடாது. அம்மா எழும்போது யாராவது ஒருவர் பின்னால் பிடித்துக்கொள்கிறோம். வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு வாங்குவதாக இருந்தால் இதை முதலில் யோசியுங்கள்.

சரி, ஊருக்கு வருகிறேன்.

ஓலசுண்ட் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீவுகளின்மேல் கட்டிய நகரம். மீன்தான் அதை வளர்த்தது. காட் மீனை உப்புப் போட்டுக் காயவைத்துப் போர்ச்சுகலுக்கும் பிரேசிலுக்கும் அனுப்பியே செழித்த ஊர். 1904 ஜனவரி 23 ராத்திரி தீப்பிடித்து, மர வீடுகள் ஏறக்குறைய 850 எரிந்துபோய், பத்தாயிரம் பேர் கொட்டும் குளிரில் தெருவுக்கு வந்தார்கள். உயிரிழந்தது ஒரே ஒருவர்தான். அடுத்த சில வருஷத்திலேயே கல்லும் செங்கல்லும் வைத்து, அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் புதிதாக இருந்த அலங்காரக் கட்டடப் பாணியில் நகரத்தின் நடுப்பகுதி முழுவதையும் எழுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் சுற்றுலா வருகிறவர்கள் அந்தக் கோபுரங்களையும் பூ வேலை செய்த வாசல்களையும் பார்க்கத்தான் வருகிறார்கள். அழகான ஊர், சந்தேகமே இல்லை. ஆனால் என் மனசு நின்றது அதைத் தாண்டி உள்ளே தள்ளி இருக்கிற ஊரில்.

ஓலசுண்டிலிருந்து கிழக்கே காரில் போனால் மாகெர்ஹோல்ம் என்று ஒரு படகுத்துறை. காரோடு படகில் ஏறி, மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நீண்டு வந்த பெரிய ஃபியோர்டைத் தாண்டினால் அந்தக் கரைதான் சிக்கில்வென். இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை, உச்சியில் பனி, கீழே தண்ணீர் ஓரமாக ஒரு நாடா அகலத்துக்கு நிலம். அந்த நாடாவில் வீடு, வயல், பள்ளிக்கூடம், சர்ச், தொழிற்சாலை எல்லாம். சிக்கில்வென் ஃபியோர்டு ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. 2000-ல்தான் அதன் குறுக்கே பாலம் வந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் இக்கோர்னெஸ் என்ற பகுதி. எக்கோர்னெஸ் தொழிற்சாலை தண்ணீர் ஓரமாகவே நீண்டு கிடக்கிறது. சிக்கில்வென் முழுவதும் சேர்த்தே எட்டாயிரம் பேருக்குள்தான். ஆம்பூரில் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் ஜனம் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு புரியும்.

இவ்வளவு சின்ன ஊரில், மரச்சாமான் செய்ய என்ன இருக்கிறது? பெரிய சந்தை பக்கத்தில் இல்லை. தோல் இல்லை. விவசாயத்துக்கு நிலம் போதாது. குடும்பங்கள் கொஞ்சம் மாடு ஆடு வைத்துக்கொண்டு, மீன் சீசனில் கடலுக்குப் போய்வந்து பிழைத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் பகுதியில் பிரம்பு நாற்காலி பின்ன ஆரம்பித்தார்கள். பிரம்பும் வெளியிலிருந்து வந்ததுதான். குளிர்கால நீண்ட ராத்திரியும், கை வேலை தெரிந்த ஆட்களும், சரக்கை ஏற்றிக்கொண்டு போகப் படகும் மட்டும் உள்ளூரில் இருந்தன. அதிலிருந்து மெத்தை வைத்த நாற்காலிக்கு வந்தார்கள்.

மெத்தை நாற்காலிக்கு ஸ்பிரிங் வேண்டும். 1934-ல் ஜென்ஸ் எக்கோர்னெஸ் என்பவர் இங்கே ஸ்பிரிங் தொழிற்சாலை வைத்தார். கம்பெனி தொடங்கியதே அப்படித்தான், நாற்காலியில் இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது. ஊரே நாற்காலி செய்துகொண்டிருக்கும்போது இன்னொரு நாற்காலிக் கடை வைக்காமல், அந்த நாற்காலிகளுக்கு உள்ளே போகிற பொருளைச் செய்ய ஒருவர் நினைத்தார். பிறகு ஸ்பிரிங்கை வைத்து மெத்தை, ஸ்வானே என்ற பெயரில். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஊரில் நிறைய மரச்சாமான் கம்பெனிகள் வரிசையாக நின்றன. ஒரு தொழிற்சாலையில் வேலை கற்றவர் வெளியே வந்து பக்கத்திலேயே தன் பெயரில் ஒன்று தொடங்குவார். வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் இதையேதான் நாம் பார்த்திருக்கிறோம்.

இதே ஊரில் பிறந்த இங்மார் ரெல்லிங் என்ற வடிவமைப்பாளர் 1965-ல் சியஸ்டா என்று ஒரு நாற்காலி செய்தார். மெல்லிய மரத் தகடுகளை ஒட்டி வளைத்த சட்டம், நடுவில் கேன்வாஸ், மேலே தோல் குஷன். உலகம் முழுவதும் போயிற்று. 1971-ல் எக்கோர்னெஸ் முதல் ஸ்ட்ரெஸ்லெஸ்ஸை வெளியிட்டது. உட்கார்ந்தவரின் உடம்பு அசைவுக்கு நாற்காலி அசைய வேண்டும் என்பதுதான் அதன் யோசனை. எங்கள் வீட்டு நாற்காலியின் அடியில் இருக்கும் வட்ட மரமும் தகடு ஒட்டி வளைத்த பீச் மரம்தான். கை வைத்துத் தடவினால் ஒட்டிய அடுக்குகள் கோடுகோடாகத் தெரியும். ஸ்பிரிங் தெரிந்த ஊர், மரம் வளைக்கத் தெரிந்த ஊர், தோல் தைக்கத் தெரிந்த ஊர். மூன்றும் ஒரே ஃபியோர்டு ஓரத்தில் இருந்ததால் இந்த நாற்காலி வந்தது.

அக்காவோடு வார்டில் வேலை பார்த்த ஒரு நர்ஸின் கணவர் அங்கே தையல் பிரிவில் இருந்தார். அவரோடு ஒரு சாயங்காலம் காபி குடித்துப் பேசிக்கொண்டிருந்தேன். அக்காதான் மொழிபெயர்த்தார். மரச்சட்டத்துக்கும் ஃபோமுக்கும் ரோபோக்கள் எப்போதோ வந்துவிட்டன, ஆனால் தோலைத் தைக்க மனுஷக் கைதான் வேண்டும் என்றார். ஒவ்வொரு தோலும் ஒவ்வொரு விதமாக இழுக்கும், அதை எந்திரத்துக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கையை விரித்தார். நான் சட்டைப் பையில் வைத்திருந்த எங்கள் ஷாப் கிரஸ்ட் தோல் துண்டு, அதாவது பதனிட்டுக் காயவைத்து இன்னும் பினிஷ் செய்யாத தோல், ஒன்றைக் கொடுத்தேன். அவர் மடக்கிப் பார்த்தார். அதே இரண்டு விரல், அதே உள்மடிப்பு.

அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் எனக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்த ஊருக்குத் தோல் பினிஷ் ஆகித்தான் வருகிறது. பதனிடுவது வேறு எங்கோ. சுண்ணாம்புக் குழி, பதனிடப் போடும் குரோம், உப்புத் தண்ணீர், சதை சீவிய கழிவு எதுவும் ஃபியோர்டுக்கு வருவதில்லை. அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். தோலின் வேலையில் சுத்தமான கடைசிப் பகுதியும், அதிகப் பணம் வருகிற பகுதியும் அங்கே இருக்கிறது.

இங்கே நாம் எந்தப் பகுதியை எடுத்துக்கொண்டோம் என்று யோசித்துப் பாருங்கள். வடஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்திலிருந்தே ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட தோல் இங்கிருந்து கப்பல் ஏறிக்கொண்டிருந்தது. 1970-களில் மத்திய அரசு பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகுதான் பினிஷ்டு தோல், அதன்பின் ஷூ என்று மேலே ஏறினோம். அதற்குள் குரோம் வந்து, பாலாறு பாழாகி, கிணறுகள் உப்பாகி, வேலூர் குடிமக்கள் நல அமைப்பு உச்ச நீதிமன்றம் போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. ராணிப்பேட்டையில் குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு இன்னும் பேச்சாகவே இருக்கிறது. நான் அந்தத் தொழிலில் சம்பாதித்துத்தான் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அழுக்கை முழுவதும் நாம் வாங்கிக்கொண்டு, தோலைச் சதுர அடிக் கணக்கில் விற்றுவிட்டு, அதே தோல் நாற்காலியாகி லட்சத்துக்குப் போவதைத் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆம்பூரில் தைக்கிற கைகள் இருக்கின்றன. ராணிப்பேட்டையில் பினிஷிங் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1948-லிருந்து மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஸ்பிரிங் செய்ய ஒருவர் வரவேண்டும்.

சிக்கில்வென் பற்றி இன்னும் ஒன்று. அது வளர்ந்தது, ஆனால் பெருத்துவிடவில்லை. ஐம்பது வருஷமாக உலகம் முழுவதும் நாற்காலி அனுப்பியும் ஊர் ஊராகவே இருக்கிறது. எக்கோர்னெஸ் 1995-ல் ஓஸ்லோ பங்குச் சந்தைக்குப் போயிற்று. 2018-ல் சீனாவின் சூமெய் என்ற மரச்சாமான் கம்பெனி அதை வாங்கிவிட்டது. முதலாளி மாறியும் அந்தக் கரையில் வேலை நடக்கிறது. வேலை தெரிந்தவர்களை ஒரு கண்டெய்னரில் ஏற்றிக் கொண்டுபோக முடியாது என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

இப்போது நம் வெயில். இந்த நாற்காலி குளிர் தேசத்தில் அடைத்த வீட்டுக்குள் இருப்பதற்காகச் செய்தது. வேலூரில் ஏப்ரல், மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும்போது தோலில் வெறும் முதுகோடு உட்கார முடியாது. சீட்டிலும் முதுகிலும் குடியாத்தம் கைலித் துணியை நாலாக மடித்துப் போடுகிறோம். வேர்வையில் உப்பும் அமிலமும் இருக்கிறது, அது நாளடைவில் கோட்டிங்கை இளக்கும். துணி போட்டால் நமக்கும் நல்லது, தோலுக்கும் நல்லது.

வேர்வையைவிடப் பெரிய எதிரி தேங்காய் எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு நேராகத் தலைப்பக்கத்தில் சாய்ந்தால், எண்ணெய் கோட்டிங்குக்குள் மெதுவாக இறங்கி அதை மெத்தென்று ஆக்கிவிடும். முதலில் அந்த இடம் பளபளக்கும், பிறகு பிசுபிசுக்கும், கடைசியில் கோட்டிங் உரிந்து வரும். பாட்டிக் மாதிரி கோட்டிங் கனமான தோலே நம் ஊருக்குச் சரி என்று சொன்னது இதற்காகத்தான். நோப்ளெஸ் மாதிரி மெல்லிய பினிஷ் தோலில் ஒரே வருஷத்தில் தலை அளவுக்கு ஒரு கறுத்த வட்டம் விழும், அதை எடுக்க யாராலும் முடியாது. அம்மாவின் தலைக்குக் கீழே எப்போதும் ஒரு துண்டு இருக்கும். வாரம் ஒருமுறை துவைக்கிறோம்.

சுத்தம் செய்ய ஈரத்துணி போதும். அழுக்கு அதிகமாக இருந்தால் லேசான சோப்புத் தண்ணீர், உடனே காய்ந்த துணி. ஷூ பாலிஷ், தேங்காய் எண்ணெய், பினாயில், ஸ்பிரிட் எதையும் போடாதீர்கள். மழைக்காலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கதவு ஜன்னல் அடைத்தே கிடந்தால் தோலின்மேல் வெள்ளையாகப் பூஞ்சை படியும். காய்ந்த துணியால் துடைத்து, ஃபேன் காற்றில் விட்டால் போய்விடும். வெயில் நேராக விழும் ஜன்னல் ஓரம் வேண்டாம்.

கரையானையும் மறக்கக் கூடாது. பீச் மரம் தேக்கு இல்லை. கரையான் அதை விரும்பிச் சாப்பிடும். தரைவீட்டில் சுவர் ஓரமாக ஒட்டிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் நகர்த்தாமல் விடக் கூடாது. நாங்கள் வீடு பெருக்கும்போது ஒவ்வொரு முறையும் அடியைத் தூக்கிப் பார்க்கிறோம்.

வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். சென்னையில் சாமானை இறக்கி லாரியில் ஏற்றியவர்கள் அடியையும் சீட்டையும் தனித்தனியாகக் கழற்றி, போல்ட் பொட்டலத்தில் பாதியைத் தொலைத்துவிட்டார்கள். மிச்சம் இருந்த ஒரு போல்ட்டை எடுத்துக்கொண்டு காட்பாடி ரோட்டில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். மெட்ரிக் மரைதான் என்பதால் போல்ட் உடனே கிடைத்தது. நீளத்தை மட்டும் குறைத்துக் கொடுத்தார்கள். ஆலன் கீ ஒன்று இருந்தால் யாரும் பூட்டிவிடலாம். இந்த நாற்காலியை நான் மதிக்க இதுவும் ஒரு காரணம். எந்தப் பாகத்தையும் தனியாகக் கழற்ற முடிகிறது, தனியாக மாற்ற முடிகிறது. உள் எந்திரத்துக்குக் கம்பெனி 10 வருஷம் உத்தரவாதம் தருகிறது. தானே சாமானோடு கொண்டுவந்த பழைய நாற்காலிக்கு அதை நம்பி இருக்க முடியாது, உள்ளூர்ப் பட்டறைதான் துணை.

விலை என்று பார்த்தால் புதிது வாங்க நம் பணத்தில் லட்சங்கள் ஆகும். அவ்வளவு கொடுத்து வாங்குங்கள் என்று நம் ஊர் நடுத்தரக் குடும்பத்துக்கு என்னால் சொல்ல முடியாது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோ உறவினரோ வீடு மாற்றிக்கொண்டு வரும்போது அங்கே பழையது நல்ல விலைக்குக் கிடைத்தால் எடுத்து வரச் சொல்லலாம். அதே சமயம், இங்கே ஷோரூம்களில் தோல் என்று விற்கும் ரிக்ளைனர்களைப் பார்த்து ஏமாற வேண்டாம். நிறைய இடங்களில் முன்பக்கம் மட்டும் தோல், பக்கவாட்டிலும் பின்னாலும் ரெக்சின். இன்னும் மோசம், பாண்டட் லெதர் என்று ஒன்று. தோல் தூளைப் பசை போட்டு ஒட்டி, மேலே பிளாஸ்டிக் கோட்டிங் போட்டது. நம் வெயிலிலும் ஈரத்திலும் இரண்டு மூன்று வருஷத்தில் செதில் செதிலாக உரியும். வாங்குவதற்கு முன் கீழே குனிந்து, சீட்டுக்கு அடியில் மடித்து அடித்த ஓரத்தைப் பாருங்கள். நார் நாராகப் பின்னிக்கிடந்தால் தோல். துணி நெசவு தெரிந்தால் தோல் இல்லை. நாலு பக்கமும் பாருங்கள், ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவார்கள்.

தேக்கு மரத்தில் கேன்வாஸ் போட்ட நம் பழைய ஈசி சேரை மறந்துவிடக் கூடாது. மத்தியானத் தூக்கத்துக்கு, வெயில் காலத்துக்கு, அதுதான் ராஜா. காற்று போகும், துணியைத் துவைக்கலாம், விலை பத்தில் ஒரு பங்குகூட வராது. கழுத்துக்குத் தாங்கல் இல்லாததும், வயதானவர்கள் அதிலிருந்து எழுவது கஷ்டம் என்பதும்தான் குறை. எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. மே மாதம் மாமா ஈசி சேரை விட்டு நகர மாட்டார்.

பழைய ஸ்ட்ரெஸ்லெஸ் வாங்குகிறவர்களுக்குக் கடைசியாக. முதலில் அடி வட்டத்தைத் திருப்பிப் பாருங்கள், ஒட்டிய அடுக்குகள் எங்காவது வாய் பிளந்திருந்தால் வேண்டாம். உட்கார்ந்து முழுசாகச் சாய்ந்து, இரண்டு பக்கமும் சுழற்றிப் பாருங்கள், சத்தம் வந்தால் போல்ட் தளர்வாக இருக்கும், முறுக்கிவிட்டு மறுபடி பாருங்கள். பக்கத்துத் திருகுகள் இரண்டு திசையிலும் திரும்ப வேண்டும். தலைப்பக்கத் தோலை ஈரத் துணியால் தேய்த்துப் பாருங்கள், பிசுபிசுத்தால் எண்ணெய் இறங்கிவிட்டது என்று அர்த்தம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். கால் ஸ்டூல் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும், அது இல்லாமல் நாற்காலி பாதிதான்.

நாற்காலிக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நாலரை. அரை மதிப்பெண் போனது அம்மா எழும்போது ஒருவர் பின்னால் நிற்க வேண்டியிருப்பதால்.